ஒரே குழாய், மூன்று உலோகங்கள்: டொலுயீனின் கரி எங்கே படிந்தது?

அழுத்தமானி ஏறிக்கொண்டே போனது; வினை மட்டும் குறையவில்லை. இந்த ஆய்வு அந்த முரணில்தான் தொடங்கியது. குவார்ட்ஸ் குழாய்க்குள் சிறு படுகையாக வினையூக்கி: பலசுவர் கார்பன் நானோகுழாயின் மேல் 10 சதவீதம் நிக்கல். உலை 600 டிகிரி செல்சியஸ். மேலிருந்து, தாருக்கு மாதிரியாக எடுத்துக்கொண்ட டொலுயீனின் ஆவியும் நீராவியும் நைட்ரஜனோடு கலந்து இறங்கின. கீழே வாயு நிறப்பகுப்புக் கருவி ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் கொஞ்சம் பென்சீனையும் காட்டிக்கொண்டிருந்தது. கரி, அதாவது டொலுயீன் சிதைந்து மிஞ்சும் கார்பன், படிந்து வினையூக்கி செத்துப்போனால் டொலுயீன் மாறாமல் அப்படியே வெளியே வர வேண்டும். அப்படி வரவில்லை. உள்ளே போன டொலுயீனில் பெரும்பகுதி கடைசி வரை மாறிக்கொண்டே இருந்தது. ஆனாலும் வாயு உள்ளே போகவே சிரமப்பட்டது. இறுதியில் ஓட்டத்தை நிறுத்திக் குழாயைக் குளிரவைத்துத் தட்டியபோது, தூளாகப் போட்ட பொருள் இறுகிய கட்டியாக வந்தது.

அதே வினையூக்கியை 450 டிகிரியில் ஓட்டியபோது எல்லாம் தலைகீழ். அழுத்தம் அசையவில்லை. படுகை போட்டபடியே தளர்ந்த தூளாக இருந்தது. வினை மட்டும் மளமளவென்று விழுந்து, டொலுயீன் தொடப்படாமல் வெளியேறத் தொடங்கியது. எடுத்து நிறுத்துப் பார்த்தால் எடையில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை.

ஆக, கரி நிறையப் படிந்த இடத்தில் வினையூக்கி உயிரோடு இருந்தது. படிந்ததே தெரியாத இடத்தில் செத்திருந்தது. கரிப்படிவை எடைச் சதவீதமாக மட்டும் எழுதிப் பழகிய எங்களுக்கு இது பெரிய பாடமாக அமைந்தது. அதன் பிறகு நிக்கலை எடுத்துவிட்டு இரும்பையும், வேறொரு வேலைக்காகப் பிளாட்டினத்தையும் அதே நானோகுழாயின் மேல் ஏற்றிப் பார்த்தோம். நானோகுழாய் மாறவில்லை, கரி மட்டும் மூன்று விதமாக வந்தது.

ஏன் டொலுயீன், ஏன் நானோகுழாய்

மரம், வைக்கோல், உமி போன்ற உயிர்ப்பொருளை வாயுவாக்கும்போது கூடவே தார் வரும். அதில் பென்சீன், டொலுயீன், நாப்தலீன், இன்னும் பெரிய பல்வளையச் சேர்மங்கள் எல்லாம் கலந்திருக்கும். தாரை நேரடியாகக் கொண்டு ஆய்வு செய்தால் எது எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் ஒரு மாதிரிப் பொருளை எடுத்துக்கொள்வது வழக்கம். டொலுயீன் அதற்குப் பொருத்தமானது: ஒரு வளையமும் ஒரு மெத்தில் தொகுதியும் சேர்ந்தே இருக்கின்றன. மெத்திலில் உள்ள கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 375 கிலோஜூல் போதும். வளையத்தில் உள்ளதற்கு ஏறத்தாழ 470 தேவை. எனவே உலோகம் எங்கே கை வைக்கிறது என்பதை விளைபொருளிலேயே படிக்கலாம். பென்சீன் வெளிவந்தால் மெத்தில் மட்டும் கழன்றிருக்கிறது என்று பொருள். கழன்ற மெத்திலும் நீராவியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகலாம்; ஆனால் பென்சீனைவிட அது மிக அதிகமாக வந்தால் வளையமும் உடைந்திருக்கிறது.

அரோமேட்டிக் சேர்மங்கள் கரிக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதற்குக் காரணம் அவற்றின் ஹைட்ரஜன் வறுமை. மீத்தேனில் ஒரு கார்பனுக்கு 4 ஹைட்ரஜன். டொலுயீனில் 1.14. பென்சீனில் 1. நாப்தலீனில் 0.8. பைரீனில் 0.63. கிராஃபைட்டில் பூச்சியம். இது இறக்கத்தில் உருளும் வரிசை. ஒவ்வொரு படியிலும் இரண்டு வளையங்கள் ஹைட்ரஜனை விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டால் போதும், அடுத்த படி வந்துவிடும். பென்சீன் வளையத்தில் கார்பன்-கார்பன் நீளம் 0.139 நானோமீட்டர், கிராஃபைட் தாளில் 0.142. கட்டுமானமே ஏறக்குறைய தயாராக இருக்கிறது.

உலோகத்தைச் சுமக்கும் தாங்கியாக அலுமினாவையோ, நுண்துளைகள் நிறைந்த சியோலைட்டையோ எடுத்தால் இந்த இறக்கத்தில் அமில மையங்களும் சேர்ந்து தள்ளும். புரோட்டான் ஏறிய வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துப் பெருத்துக் கரியாகும். இசட்எஸ்எம்-5 போன்ற சியோலைட்டின் துளை 0.55 நானோமீட்டர் அளவே. வாயிலில் ஒரு பல்வளைய மூலக்கூறு சிக்கினால் உள்ளே இருக்கும் அத்தனை மையங்களும் வீண். அங்கே படிந்த கரியில் எவ்வளவு உலோகத்தால் வந்தது, எவ்வளவு தாங்கியால் வந்தது என்று பிரிப்பது கடினம்.

நானோகுழாயில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. சுவர் அமிலமற்றது. நுண்துளை என்று ஏதும் கிடையாது. குழாய்கள் சிக்கிக் கிடப்பதால் வரும் இடைவெளிகள் எல்லாம் பெரியவை. எனவே உலோகத்தின் குணம் இங்கே மறைக்கப்படாமல் வெளிப்படும் என்று எதிர்பார்த்தோம். அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் புதிதாக ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது: கரியின் மேல் படிந்த கரியை எப்படி அளப்பது?

தராசு காட்டியதும் காட்டாததும்

முதலில் ஒரு கணக்கு. இதை ஆய்வு தொடங்கும் முன்பே போட்டிருக்க வேண்டும். நாங்கள் பின்னால்தான் போட்டோம்.

ஒரு கிராம் வினையூக்கியை எடுத்துக்கொள்வோம். அதில் 0.1 கிராம் நிக்கல், துகள் விட்டம் 10 நானோமீட்டர் என்று வைப்போம். நிக்கலின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.9 கிராம். உருண்டை வடிவம் என்று கொண்டால் கிராமுக்கு ஏறத்தாழ 67 சதுர மீட்டர் பரப்பு வரும், 0.1 கிராமுக்கு 6.7 சதுர மீட்டர். ஓரடுக்குக் கிராஃபீன், அதாவது ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள், ஒரு சதுர மீட்டரை மூட ஏறத்தாழ 0.76 மில்லிகிராம் கார்பன் போதும். பெருக்கினால் 5 மில்லிகிராம். அதாவது வினையூக்கியின் எடையில் வெறும் 0.5 சதவீதக் கார்பன், சரியான இடத்தில் அமர்ந்துவிட்டால், நிக்கல் முழுவதையும் போர்த்திக் கொன்றுவிடும்.

மறுபுறம் குழாய்ச் சுவரைப் பாருங்கள். பலசுவர் குழாயின் பரப்பு கிராமுக்கு 200 சதுர மீட்டர் என்று வைத்தால், அதை ஓரடுக்கு மூட 150 மில்லிகிராம் கார்பன் வேண்டும். அதாவது 15 சதவீதம். அவ்வளவும் சுவரில் மட்டும் படிந்தால் நிக்கலுக்கு ஒன்றும் ஆகாது. 0.5 சதவீதம் கொல்லும், 15 சதவீதம் கொல்லாது. இரண்டும் அட்டவணையில் "கரிப்படிவு" என்ற ஒரே தலைப்பின் கீழ்தான் எழுதப்படுகின்றன. 450 டிகிரி ஓட்டத்தில் தராசு அசையாததன் விளக்கம் இதுதான். கைக்கு வந்த தூளைச் சுரண்டி எடுக்கும்போது சிந்தும் அளவே அந்த 0.5 சதவீதத்தைவிட அதிகம்.

இதைவிடக் கனமான பிழை வேறொன்று. 600 டிகிரியில் நீராவி இருக்கிறது, நிக்கலும் இருக்கிறது. நீராவியைக் கொண்டு கார்பனை வாயுவாக்குவதில் நிக்கல் நல்ல வினையூக்கி. அது எந்தக் கார்பன், படிந்ததா தாங்கியா என்று பார்ப்பதில்லை. டொலுயீனே இல்லாமல் நீராவியை மட்டும் அதே 600 டிகிரியில் விட்டுப் பார்த்தோம். கார்பன் மோனாக்சைடும் டை ஆக்சைடும் வந்தன. தூளின் எடை குறைந்தது. நிக்கல் தன் காலடியில் இருந்த குழாயைத் தின்றுகொண்டிருந்தது. ஹைட்ரஜன் மட்டும் இருந்தாலும் இதே கதைதான், விளைபொருள் மீத்தேனாக இருக்கும்.

ஆகவே ஓட்டம் முடிந்து கிடைக்கும் எடை, படிந்ததிலிருந்து தின்றதைக் கழித்த மிச்சம். இரண்டும் சமமாக இருந்தால் தராசு பூச்சியம் காட்டும். அதைப் பார்த்து "கரிப்படிவே இல்லை, நானோகுழாய் தாங்கி அற்புதம்" என்று எழுதிவிடும் ஆபத்து உண்மையானது. டொலுயீன் இல்லாத நீராவி ஓட்டம் ஒன்று கூடவே இல்லாத எந்த எடைக் கணக்கையும் நான் இப்போது நம்புவதில்லை.

நிக்கல்: நுனியில் ஏறிய துகள்

600 டிகிரிக் கட்டியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, எல்லாமே இழையாகத் தெரிந்தது. நாங்கள் போட்ட குழாய்கள் 10 முதல் 20 நானோமீட்டர் தடிமன், நேரான சுவர். புதிதாக வந்தவை தடித்தவை, வளைந்தவை. அவற்றின் தாள்கள் அச்சுக்கு இணையாக இல்லாமல் மீன்முள்போலச் சாய்ந்திருந்தன. ஒவ்வொரு புதிய இழையின் நுனியிலும் பேரிக்காய் வடிவில் ஒரு நிக்கல் துகள் உட்கார்ந்திருந்தது.

இது பழைய கதை. 1952-இலேயே ரதுஷ்கேவிச், லுக்யானோவிச் இருவரும் உள்ளீடற்ற கார்பன் இழைகளின் நுண்ணோக்கிப் படங்களை ரஷ்ய மொழியில் வெளியிட்டிருந்தார்கள். 1972-இல் பேக்கரும் குழுவினரும் நுண்ணோக்கிக்குள்ளேயே நிக்கலின் மேல் அசெட்டிலீனைச் செலுத்தி, இழை வளர்வதை நேரில் பார்த்து அளந்தார்கள். வளர்ச்சியின் கிளர்வு ஆற்றல், அதாவது அது நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மோலுக்கு ஏறத்தாழ 145 கிலோஜூல் என்று வந்தது. நிக்கலுக்குள் கார்பன் ஊடுருவிப் பரவுவதற்குத் தேவையான ஆற்றலும் அதே அளவு. எனவே துகளின் ஒரு முகத்தில் ஹைட்ரோகார்பன் உடைகிறது, கார்பன் நிக்கலில் கரைகிறது, உள்ளே நகர்ந்து மறுமுகத்தில் கிராஃபைட்டாக வெளிவருகிறது, வந்த கிராஃபைட் துகளைத் தூக்கிக்கொண்டு வளர்கிறது. அந்தப் படத்தில் பிறகு பல திருத்தங்கள் வந்தன. 2004-இல் ஹெல்வெக் குழுவினர் மீத்தேனைக் கொண்டு எடுத்த அணு அளவுப் படங்களில், நிக்கல் பரப்பின் படிவிளிம்புகள் (ஓர் அணு அடுக்கு முடியும் ஓரங்கள்) இடம்விட்டு இடம் மாறி மாறித் தோன்றுவதும், அங்கேதான் கிராஃபீன் தாள் முளைப்பதும் தெரிந்தது.

எங்கள் முரணுக்கு விடை இங்கேயே இருக்கிறது. இழை வளரும்வரை துகளின் முன்முகம் திறந்தே இருக்கும். வினை நிற்காது. ஆனால் இழைகள் துகள்களுக்கிடையே உள்ள வெளியை நிரப்பி, படுகையை இறுக்கி, வாயுவின் வழியை அடைத்துவிடும். தொழிற்சாலைகளில் இதே இழைகள் வினையூக்கி உருண்டைகளைப் பிளந்து பொடியாக்கிவிடுவதும் உண்டு. சாவது வினையூக்கி அல்ல, உலைக்குழாய்.

450 டிகிரியில் கரைந்து பரவும் வேகம் போதவில்லை. டொலுயீன் பரப்பில் உடைந்தும் உடையாமலும் உட்கார்ந்து, ஹைட்ரஜனை மெல்ல இழந்து, பக்கத்து வளையத்தோடு ஒட்டி, மெல்லிய படலமாகத் துகளைச் சுற்றிக்கொண்டது. ஹைட்ரோகார்பனை நீராவியால் உடைத்து ஹைட்ரஜனாக்கும் நீராவி மறுசீரமைப்புத் துறையில் இதைப் பிசின் என்பார்கள். அத்துறை ஆய்வாளர் ரோஸ்ட்ரப்-நீல்சன் நிக்கல் வினையூக்கிகளின் கரியை மூன்றாகப் பிரித்தார்: இழை, போர்வைப் பிசின், வெப்பச் சிதைவுக் கரி. 500 டிகிரிக்குக் கீழே அரோமேட்டிக் ஊட்டம் இருந்தால் பிசின் எதிர்பார்க்க வேண்டியதே. வெப்பநிலையை ஏற்றினால் கரி கூடும் என்று பொதுவாக நினைக்கிறோம். இங்கே வெப்பநிலை மாற்றியது கரியின் அளவை மட்டுமல்ல, அது எந்த வகை என்பதையும்.

துகளின் அளவும் முக்கியம் என்பதை இரண்டாவது தொகுப்பில் பார்த்தோம். முதல் தொகுப்பில் குழாயை அப்படியே நிக்கல் நைட்ரேட் கரைசலில் நனைத்து உலர்த்தியிருந்தோம். நீர் வெறுக்கும் சுவர், உலோகம் பிடித்துக்கொள்ள இடமில்லை. குறைக்கும்போது துகள்கள் நகர்ந்து சேர்ந்து பெருத்துவிட்டன. அடுத்த முறை குழாயை நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்துக் கார்பாக்சில் தொகுதிகளை ஏற்படுத்தி, அவற்றில் நிக்கலைக் கட்டினோம். துகள்கள் சிறியதாக வந்தன, இழையும் குறைந்தது. படிவிளிம்பில் ஒரு கிராஃபீன் தீவு நிலைத்து வளர ஒரு குறைந்தபட்ச அகலம் வேண்டும். சில நானோமீட்டர் துகளில் அந்த இடம் இல்லை. கோட்பாடும் இதைத்தான் சொல்கிறது.

அமிலச் சிகிச்சைக்கு ஒரு விலையும் உண்டு. கார்பாக்சில் தொகுதிகள் சூடேறும்போது கார்பன் டை ஆக்சைடாகக் கழன்றுவிடும். 400 டிகிரி தாண்டும்போது பெரும்பகுதி போயிருக்கும். கட்டிவைத்த கயிறு உலை வெப்பத்தில் அவிழ்கிறது. பிறகு துகள்கள் மெல்ல நகரத் தொடங்கும். மேலும் அமிலம் சுவரில் ஏற்படுத்திய ஓட்டைகள் நீராவி கடித்துத் தொடங்க வசதியான இடங்கள். எனவே சிறிய துகள் என்ற நன்மை சில மணி நேரத்துக்குத்தான். இதை வெளியில் சொல்லும்போது எத்தனை மணி நேர ஓட்டம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரும்பு: ஒரு நிலையில் நிற்காத உலோகம்

இரும்பை ஏற்றியபோது முதலில் ஏமாற்றம். நீராவி தாராளமாக இருந்தபோது வினையே மந்தம், கரியும் சொற்பம். 600 டிகிரியில் நீராவி இரும்பை மாக்னடைட் என்ற ஆக்சைடாக ஆக்கிவிடும். ஆக்சைடு வளையத்தை உடைக்கத் தயங்கும். நீராவியைக் குறைத்ததும், எதிர்பாராத வேகத்தில் கரி வந்தது. ஆக்சைடு குறைந்து இரும்பாகி, இரும்பு கார்பனை ஏற்றுச் சிமெண்டைட் என்ற கார்பைடாகி, அது சிதைந்து இழையும் ஓடுமாகக் கார்பனைத் தள்ளத் தொடங்கியது. சிமெண்டைட்டில் எடைப்படி 6.7 சதவீதம் கார்பன். எஃகாலான உலைகளில் 400 முதல் 800 டிகிரி வரையிலான வெப்பத்தில் உலோகம் தூளாக உதிரும் நோய் ஒன்று உண்டு. அதன் வேரிலும் இதே கார்பைடு விளையாட்டுதான்.

1976-இல் ஓபர்லின், எண்டோ, கொயாமா மூவரும் வெளியிட்ட ஆய்வை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. பென்சீன் ஆவியையும் ஹைட்ரஜனையும் இரும்புத் துகள்களின் மேல் 1100 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் செலுத்தி, மையத்தில் சில நானோமீட்டர் அகலக் குழலைக் கொண்ட கார்பன் நார்களை வளர்த்தார்கள். 1991-இல் ஈஜிமாவின் கட்டுரைக்குப் பிறகு உலகமே நானோகுழாய் என்று பேசத் தொடங்கியதற்கு 15 ஆண்டுகள் முன்பு. அரோமேட்டிக் சேர்மம், இரும்பு, வெப்பம் என்ற அதே மூன்று பொருள்கள். அவர்களுக்கு விளைச்சலாக வந்தது எங்களுக்கு அடைப்பாக வந்தது. நானோகுழாய் வளர்க்கும் துறையின் நூல்களைக் கரிப்படிவு ஆய்வாளர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். இழை வளர எது தேவை என்று அவர்கள் துல்லியமாக எழுதிவைத்திருக்கிறார்கள். வளராமலிருக்க எதை விலக்க வேண்டும் என்பது அதன் மறுபக்கம்.

இன்னொரு விஷயமும் இரும்பு ஓட்டத்தில்தான் பிடிபட்டது. உலோகமே ஏற்றாத வெறுங்குழாயை ஒப்பீட்டுக்காக ஓட்டினோம். அதிலும் கொஞ்சம் இழை வளர்ந்திருந்தது. வாங்கிவரும் குழாய் வெறுங்குழாய் அல்ல. இரும்பு, கோபால்ட், நிக்கல் ஏதாவது ஒன்றின் மேல்தான் அது வளர்க்கப்பட்டது. அந்த உலோகத்தின் எச்சம் கிராஃபைட் ஓட்டுக்குள் ஒளிந்து அமிலக் கழுவலுக்கும் தப்பிக் கிடக்கும். நீராவி ஓட்டைத் தின்றதும் அது விழித்துக்கொள்கிறது. சில குழாய்களில் வளர்ப்புத் தாங்கியான அலுமினாவின் மிச்சமும் இருக்கும், அதனோடு அமில மையமும் வரும். அமிலமற்ற சுவர் என்று மேலே சொன்னேனே, அது குழாயைச் சாம்பலாக எரித்து மிச்சத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகு சொல்ல வேண்டியது.

பிளாட்டினம்: குறைந்த வெப்பம், வேறு கரி

பிளாட்டினத்தை நீராவி வேலைக்கு எடுக்கவில்லை. மெத்தில்சைக்ளோஹெக்சேனிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றி டொலுயீனாக்கும் வினைக்கு எடுத்தோம். ஹைட்ரஜனைத் திரவத்தில் கட்டிச் சுமந்து செல்ல நினைப்பவர்களுக்கு இந்த இணை முக்கியமானது: எடையில் 6.2 சதவீதம் ஹைட்ரஜன், கழற்ற மோலுக்கு 205 கிலோஜூல் வெப்பம். உலை 350 டிகிரிதான். நீராவி இல்லை. குழாய் தின்னப்படும் கவலையும் பெரிதாக இல்லை.

இங்கே இழை ஒன்றுகூட வளரவில்லை. பிளாட்டினத்தில் கார்பன் கரைவது மிகக் குறைவு. இந்த வெப்பத்தில் நுனி வளர்ச்சிக்கு வழியே இல்லை. வினை மெதுவாகச் சரிந்தது. பரப்பறிவியலில் நன்கு பதிவான ஒன்று: பிளாட்டினத்தின் அறுகோண முகத்தில் அமர்ந்த பென்சீனைச் சூடாக்கினால் ஒரு பகுதி முழு மூலக்கூறாகவே எழுந்து போகும், மிச்சம் எழாமல் ஹைட்ரஜனை இழந்து கார்பனாகத் தங்கிவிடும். எழுந்து போவதா, தங்கிக் கரிவதா என்ற அந்தப் போட்டிதான் இங்கே கரிப்படிவின் முழுக் கதையும்.

பிளாட்டினத்தோடு வெள்ளீயத்தைச் சேர்ப்பது பெட்ரோல் மறுசீரமைப்பில் நெடுங்காலப் பழக்கம். 1949-இல் பிளாட்டினம் வினையூக்கி கொண்ட முதல் வணிக அலகு ஓடத் தொடங்கிய பிறகு ரீனியம், வெள்ளீயம், இரிடியம் என்று துணை உலோகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. வெள்ளீயம் பக்கத்துப் பக்கத்துப் பிளாட்டின அணுக்களின் கூட்டத்தைப் பிரிக்கிறது; வளையம் ஆழமாக உடைய அடுத்தடுத்துப் பல அணுக்கள் தேவை, ஹைட்ரஜன் கழற்ற அவ்வளவு தேவையில்லை. வெள்ளீயத்தின் எலக்ட்ரான்கள் பிளாட்டினத்தை நிரப்புவதால் வளையத்தின் பிடியும் தளர்கிறது. குழாயின் மேலும் இது வேலை செய்தது. சரிவு தெளிவாக மெதுவானது.

குழாய்ச் சுவர் இங்கே சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கிராஃபைட் தாள்மேல் பென்சீனின் பிடிப்பு ஏறத்தாழ 0.5 எலக்ட்ரான்வோல்ட், நாப்தலீனுக்கு 0.8-ஐ ஒட்டி, ஏழு வளையக் கொரோனீனுக்கு 1.4-ஐ ஒட்டி. 350 டிகிரியில் இந்த வேறுபாட்டை வைத்துக் கணக்கிட்டால், கொரோனீன் பென்சீனைவிடக் கோடி மடங்குக்கும் மேலான நேரம் சுவரில் தங்கும். பிளாட்டினத்தில் உருவாகிக் கழன்ற சிறு பல்வளைய மூலக்கூறுகள் சுவரில் படுத்துக்கொள்கின்றன. இது நல்லதா கெட்டதா? உலோகத்திலிருந்து கரியின் முன்னோடிகளை வாங்கிக்கொள்ளும் கிடங்காகச் சுவர் இருக்கும்வரை நல்லது. கிடங்கு நிறைந்து துகளின் ஓரம்வரை வந்துவிட்டால் கெட்டது. எங்கள் ஓட்டங்கள் முதல் நிலையில்தான் இருந்தன என்று நம்புகிறேன், ஏனெனில் ஹைட்ரஜனில் சூடாக்கியதும் வினையின் பெரும்பகுதி திரும்பியது.

எரித்துப் பார்த்தபோது

கரியை அளக்க எல்லோரும் செய்வது, ஆக்சிஜனில் மெல்லச் சூடாக்கி எந்த வெப்பநிலையில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று பார்ப்பது. அலுமினாவில் இது அழகாக வேலை செய்யும்: உலோகத்தின் மேலுள்ள கரி முதலில் எரியும், தாங்கியின் மேலுள்ளது பிறகு. நானோகுழாயில் தாங்கியே எரியும். உலோகமற்ற பலசுவர் குழாய் காற்றில் 500 டிகிரிக்கு மேல்தான் வேகமாக எரியத் தொடங்கும். ஆனால் நிக்கலோ இரும்போ மேலே உட்கார்ந்திருந்தால் அந்த வெப்பநிலை வெகுவாகக் கீழே இறங்கிவிடும். கரியின் முகடும் குழாயின் முகடும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். கணினியில் வளைவுகளைப் பொருத்தி இரண்டாகப் பிரிக்கலாம். பிரித்த எண்ணுக்குப் பின்னால் எந்தப் பொருளும் இருக்க வேண்டியதில்லை.

லேசர் ஒளியின் சிதறலைக் கொண்டு கார்பனின் ஒழுங்கை அறியும் ராமன் நிறமாலையும் இங்கே அரை உதவிதான். அலை எண் 1350-ஐ ஒட்டிய குறைபாட்டு முகடு 1580-ஐ ஒட்டிய கிராஃபைட் முகட்டைவிட உயர்ந்தால் ஒழுங்கற்ற கரி படிந்தது என்று எழுதுவார்கள். குழாயின் சுவரை நீராவி கடித்திருந்தாலும் அதே முகடுதான் உயரும். எங்கள் மாதிரியில் இரண்டுமே நடந்திருந்தன.

கடைசியில் தீர்வு தந்தது ஐசோடோப்புதான். இயற்கைக் கார்பனில் கார்பன்-13 வெறும் 1.1 சதவீதம். வளையம் முழுவதும் கார்பன்-13 கொண்ட டொலுயீனைச் சிறு துடிப்புகளாகச் செலுத்திவிட்டு எரித்தால், நிறைமானியில் கார்பன் டை ஆக்சைடின் நிறை 45 என்று வருவது படிந்த கரி, 44 என்று வருவது குழாயும் டொலுயீனின் மெத்தில் கார்பனும். மெத்திலும் வளையமும் ஒரே விகிதத்தில் படிந்தால் மெத்தில் பங்கு ஏழில் ஒன்று; அதைக் கொண்டு பிழையை மதிப்பிடலாம். துடிப்புக்குப் பிறகு நீராவி விட்டபோது 44-உம் 45-உம் சேர்ந்தே வெளிவந்தன: நிக்கல் புதுக் கரியையும் பழைய குழாயையும் ஒரே நேரத்தில் தின்றுகொண்டிருந்தது. அந்த வரைபடத்தைப் பார்த்த அன்றுதான் தராசை நம்பி முன்பு எழுதியவற்றை எல்லாம் திருத்த உட்கார்ந்தோம்.

அளவீட்டில் இன்னொரு சிறு பொறி. அரோமேட்டிக் மூலக்கூறுகளைக் குழாய்ச் சுவர் இறுகப் பிடிப்பதால், வெறுமனே ஒட்டியிருக்கும் டொலுயீனும் சிறு பல்வளையங்களும் கரியாக எண்ணப்பட்டுவிடும். நைட்ரஜனில் வினை வெப்பநிலையில் வைத்து ஊதி வெளியேற்றிய பிறகுதான் எடை எடுக்க வேண்டும். டைகுளோரோமீத்தேனில் அலசிக் கரையும் கரியைப் பிரிக்கும் முறையும் இங்கே குறைவாகவே எடுத்துத் தரும். சுவர் கரைப்பானோடு போட்டியிடும்.

அதன் பிறகு மாற்றியவை

நிக்கல் ஓட்டங்களில் நீராவியை ஒரு கார்பனுக்கு ஒரு நீர் மூலக்கூறு என்ற அளவை ஒட்டி வைத்திருந்தோம். அதை 3 ஆக்கினோம். இழை வெகுவாகக் குறைந்தது, குழாய் தின்னப்படுவது கூடியது. தாங்கி கார்பனாக இருக்கும்வரை இந்த இழுபறியிலிருந்து தப்ப முடியாது. நிக்கலில் சிறிது தங்கத்தையோ கந்தகத்தையோ சேர்த்துப் படிவிளிம்புகளை மூடுவது அலுமினா, ஸ்பினெல் தாங்கிகளில் நிரூபணமான வழி. கந்தகம் ஹைட்ரோகார்பன் உடையும் வேகத்தையும் குறைக்கும், ஆனால் கிராஃபீன் தீவு வளரத் தேவையான பெரிய இடத்தை அதைவிட அதிகமாகக் கெடுக்கும். குழாயின் மேல் இது குழாயைத் தின்னும் வேகத்தையும் குறைக்கும் என்று எதிர்பார்க்கலாம்.

உலோகத்தைக் குழாயின் உள்ளே வைப்பது பற்றிக் கேட்பார்கள். டாலியானில் பாவோ சின்ஹே குழுவினர் ரோடியம்-மாங்கனீசையும் இரும்பையும் குழாய்க்குள் அடைத்து, அவற்றின் நடத்தை மாறுவதைக் காட்டினார்கள். இரும்பு ஆக்சைடு உள்ளே இருக்கும்போது எளிதில் குறைகிறது. குழிந்த உட்சுவரில் எலக்ட்ரான் அடர்த்தி வெளிச்சுவரைவிடக் குறைவு என்பது விளக்கம். அவர்களுடைய வினையில் மூலக்கூறு சிறியது, கார்பன் மோனாக்சைடு. அரோமேட்டிக் கரிப்படிவுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. சில நானோமீட்டர் குழலுக்குள் ஒரு துகள் இழை வளர்க்கத் தொடங்கினால் அந்தக் குழல் ஒரேயடியாக அடைபடும். வெளியே இருந்தால் அடைபடுவது படுகை மட்டும்.

புத்துயிரூட்டல் பற்றிய கேள்விக்கு விடை சுருக்கமானது. அலுமினா வினையூக்கியைப்போலக் காற்றில் எரித்துச் சுத்தம் செய்ய முடியாது. ஹைட்ரஜன், நீர்த்த நீராவி, கார்பன் டை ஆக்சைடு ஆகியவைதான் வழி, அவையும் மெதுவாக. எனவே 600 டிகிரி நீராவியில் தார் உடைக்கும் வேலைக்கு நானோகுழாய் தாங்கியை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலோகத்தின் குணத்தைத் தனியே பிரித்துப் படிக்கும் ஆய்வுக் கருவியாக அது மிகச் சிறந்தது. வேலைக்காரனாக அதன் இடம் 350 டிகிரியும் அதற்குக் கீழும், நீராவி இல்லாத ஹைட்ரஜன் ஏற்றும் கழற்றும் வினைகள்.

எங்கள் பதிவேட்டின் அட்டவணையில் இப்போது "கரி, எடைச் சதவீதம்" என்ற நிரல் இல்லை. அந்த இடத்தில் நான்கு நிரல்கள்: கார்பன்-13 கணக்கில் படிந்தது, தாங்கியிலிருந்து போனது, மிஞ்சியுள்ள திறந்த உலோகப் பரப்பு, படுகையின் அழுத்த வீழ்ச்சி. 450 டிகிரி நிக்கல் ஓட்டத்தில் மூன்றாவது நிரல் சரிந்திருக்கிறது, நான்காவது அசையவில்லை. 600 டிகிரியில் நான்காவது ஏறியிருக்கிறது, மூன்றாவது நின்ற இடத்திலேயே நிற்கிறது.